முன்பணம் கட்டியாச்சு, இனி பின்வாங்க முடியாதா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால், தீம் பார்க் பயணத்தை டென்ஷன் இல்லாமல் எப்படித் திட்டமிடுவது என்பதுதான் கேள்வி. ஐந்து நாள் பயணம், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியோடு மாமியார், ஏழு மாதமாக நீங்கள் ஒருவரே கட்டி மேய்க்கும் எக்செல் ஷீட், செலவில் ஏறக்குறைய பாதி கிரெடிட் கார்டில். நடுவில் கணவர் வேறு, "ஜாலியா போற விஷயத்துக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே" என்று கேட்டுவிட்டார். இதெல்லாம் சரி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: "முன்பணம் கட்டியாச்சு, இனி பின்வாங்க முடியாது இல்லையா?" எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இந்தப் பயணத்தைக் குறைக்கலாமா, தள்ளிப்போடலாமா, வேண்டாம் என்றே சொல்லிவிடலாமா, சொன்னால் பிள்ளைகளிடமிருந்து எதையாவது பறித்த மாதிரி ஆகிவிடுமா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்பது. நான்கு வருடம் ஒரு பெரிய பார்க்கில் வரிசைகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அதற்கப்புறம் பதினோரு வருடமாகக் குடும்பங்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் தொழில். ஆக உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியே நின்றும் பார்த்திருக்கிறேன். மனநல ஆலோசகர் இல்லை, நிதி ஆலோசகரும் இல்லை. உங்கள் வீட்டு வரவு செலவு எனக்குத் தெரியாது. எந்த பார்க் என்றும் நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லோருக்கும் பெயர் தெரிந்த, மற்ற பார்க்குகள் பார்த்துப் பார்த்துப் பின்பற்றுகிற டிஸ்னியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தாலும் பெயர்கள்தான் மாறும், நடைமுறை பெரிதாக மாறாது.

"எல்லாரும் சாதாரணமாகப் போய்விட்டு வருகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. இது முன்பைவிட நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது, எப்படி ஆனது என்பதையும் வருடத்தோடு சொல்ல முடியும். 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது உள்ளே போக ஒரு சின்னக் கட்டணம், அப்புறம் ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. சீக்கிரமே அது ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட டிக்கெட் புத்தகமாக மாறியது. 1959இல் வந்த ஈ டிக்கெட்தான் அதில் உச்சம், நல்ல ரைடுகளெல்லாம் அதற்குள் இருந்தன. 1982இல் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே டிக்கெட், எல்லா ரைடும் என்று ஆக்கினார்கள். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது: ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நேரத்துக்கு வந்தால் நீள வரிசையில் நிற்க வேண்டாம், அதுவும் இலவசமாக. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பார்க்குகளில் அந்த இடத்துக்கு, காசு கொடுத்து வேக வரிசையில் போகும் ஜீனி ப்ளஸ் வந்தது, ஆரம்ப விலை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். மிகப் பிரபலமான சில ரைடுகள் அதிலும் சேராது, அவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்த விலையும் நாளுக்கு நாள் மாற ஆரம்பித்தது. 2024 ஜூலையில் பெயரை மாற்றி, முன்பதிவையும் சேர்த்தார்கள்: அவர்களுடைய ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஏழு நாள் முன்னால், மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னால். அதாவது சுற்றிச் சுற்றி ரைடுக்கு ரைடு காசு என்ற பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். ஒரு வித்தியாசம், அன்று டிக்கெட் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று யோசித்தார்கள். இன்று வீட்டில், இரவு பதினொரு மணிக்கு, போனை வைத்துக்கொண்டு நீங்கள் யோசிக்கிறீர்கள்.

நுழைவு டிக்கெட்டின் விலையும் ஃபுளோரிடாவில் 2018 அக்டோபரிலிருந்து தேதியைப் பொறுத்தது. உணவக மேசைக்கு அறுபது நாள் முன்னால் பதிவு திறக்கும் (ஒரு காலத்தில் 180 நாள், கேட்டால் சிரிப்பீர்கள்). எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முன்பு பார்க் ஊழியர்கள் அன்றன்று வாசலில் நின்று சமாளித்த கூட்டத்தை இப்போது மாதக்கணக்கில் முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் சமாளிக்கிறார்கள். வேலை கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் எக்செல் ஷீட்டில் நாற்பது வரி இருக்கிறது என்றால் அது உங்கள் பதற்றத்தின் அளவைக் காட்டவில்லை, அவர்கள் உங்கள் தலையில் இறக்கி வைத்த முடிவுகளின் எண்ணிக்கையைத்தான் காட்டுகிறது.

உள்ளே வேலை பார்த்தவன் என்ற முறையில் இதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வேக வரிசைக்கு வாங்கும் பாஸ் ஒரு ரைடின் கொள்ளளவைக் கூட்டுவதில்லை. ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றும், வண்டி எண்ணிக்கையும் சுற்றும் நேரமும் மாறாது. பாஸ் வைத்திருக்கிற ஒருவர் முன்னால் போனால், இல்லாத ஒருவர் பின்னால் தள்ளப்படுகிறார். ஆக நீங்கள் வாங்குவது இன்னொருவருடைய இடத்தை. எல்லோரும் வாங்குகிற நாளில் அந்த இடத்துக்கு மதிப்பும் குறையும், ஆனால் விலை அன்றுதான் அதிகம். கூட்டம் மிக அதிகமான ஒரு நாளில், நீங்கள் உண்மையிலேயே ஏற விரும்புகிற மூன்று நான்கு ரைடுகளுக்கு அது பிரயோஜனம். ஐந்து நாளுக்கும் ஐந்து பேருக்கும் வாங்குவது, என் அனுபவத்தில், பயத்துக்குக் கொடுக்கிற காசு. காலையில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரமும் மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரமும் வரிசை சின்னதாக இருக்கும். அதற்குக் காசு கிடையாது, தூக்கம்தான் போகும்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவரைத் திட்டுவதற்காக எழுதவில்லை, அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். வீட்டில் மூளைக்குள் நடக்கும் வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதை இருவரும் சேர்ந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெண்கள் தலையில் அதிகமாக விழுகிறது. உங்கள் கதையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். எந்த ஹோட்டல் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தீர்கள், அதனால் அவர் கணக்கில் திட்டமிடலில் பாதி அவருடையது. அத்தைக்கு முழங்கால் தாங்குமா, சின்னவனுக்கு மதியம் தூக்கம் வந்தால் எங்கே படுக்க வைப்பது, ஏழாம் நாள் முன்பதிவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, இதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. முப்பத்தைந்து தம்பதிகள் என்பது சின்ன எண்ணிக்கை, உலகத்துக்கே பொதுவான அளவுகோலாக இதைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஜோடிகளில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் இருந்தார்கள். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணு" என்று அவரிடம் கேட்காதீர்கள், கேட்டால் "என்ன பண்ணணும் சொல்லு" என்று திரும்பி வரும், சொல்வதே ஒரு வேலையாகிவிடும். ஒரு முழுப் பகுதியை ஒப்படையுங்கள். சாப்பாடு முழுக்க அவருடையது, அல்லது அத்தை சம்பந்தப்பட்ட எல்லாமும் அவருடையது. தேடுவதிலிருந்து கண்காணிப்பதுவரை. அவர் நீங்கள் செய்வதைப் போலச் செய்ய மாட்டார். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய விலை, அது சின்ன விலை இல்லை என்று எனக்கும் தெரியும்.

பணம். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் மழுப்பியிருக்கிறீர்கள், பரவாயில்லை, எல்லோரும் மழுப்புகிற இடம்தான். பாதி கார்டில் என்றால், திரும்பி வந்த பிறகு எத்தனை மாதம் கட்டுவீர்கள்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 24 சதவீத வட்டி, இரண்டு வருடத்தில் சமமான மாதத் தவணையாகக் கட்டுகிறீர்கள் என்றால், கடன் வாங்கிய ஒவ்வொரு 100க்கும் ஏறத்தாழ 127 கட்டுவீர்கள். மொத்தச் செலவும் கார்டில் என்றால், ஐந்து நாள் பயணத்துக்கு ஆறே கால் நாளுக்கும் மேல் காசு. உங்களுக்குப் பாதிதான் என்பதால் ஒரு நாள் காசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்குப் போகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் இதைவிட மோசம். வட்டி விகிதம் உங்கள் கார்டில் வேறாக இருக்கும், அட்டையின் பின்னால் இருக்கிற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

வட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ட்ரேசன் ப்ரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு ஆறு மாதத் தவணை கட்ட வேண்டும், போவதற்கு முன்னால் கட்டுவீர்களா, வந்த பிறகா? துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அதே தொகை, அதே தவணை என்றால்? சுற்றுலாவுக்குப் பெரும்பாலானவர்கள் முன்னால் கட்டுவதையே விரும்பினார்கள், இயந்திரத்துக்கு வாங்கின பிறகு கட்டுவதை. காரணம் புரிந்துகொள்ள முடிகிறதுதான். இயந்திரம் தவணை கட்டுகிற ஒவ்வொரு மாதமும் துணி துவைத்துத் தருகிறது. சுற்றுலா முடிந்துபோன விஷயம், முடிந்ததற்குக் காசு கட்டுவது எரிச்சல். அதோடு, முழுக்கக் கட்டி முடித்துவிட்டுப் போகிற பயணத்தில் அங்கே நிற்கும் நேரம் இலவசமாகப் பட ஆரம்பிக்கும். கடனில் போனால் ஒவ்வொரு வரிசையிலும் மீட்டர் ஓடும். "நிமிஷத்துக்கு இவ்வளவு ஆகுது, இவன் ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருக்கான்" என்று ஒரு அப்பா என்னிடமே சொன்னார், பாவம், சிரிக்கவும் இல்லை. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே விதிதான் சொல்வேன்: கிளம்பும் நாளுக்குள் சேரக்கூடிய தொகை எவ்வளவோ அதுதான் பயணத்தின் அளவு. தொகையை முதலில் எழுதுங்கள், அப்புறம் அதற்குள் எது அடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டியல் போட்டு, கூட்டிப் பார்த்து, அதிர்ந்து, மீதியைக் கார்டில் தள்ளுகிறார்கள். தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். தீம் பார்க் டிக்கெட் விலை நாளாக ஆகக் குறைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஏற்றத்தையும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், விலை ஏறிவிடும் என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் வாங்காதீர்கள்.

சரி, கட்டிய முன்பணம். 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஒரு கேள்வி: பனிச்சறுக்குக்கு 100 டாலர் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கினீர்கள், அப்புறம் 50 டாலருக்கு இன்னொன்று. இரண்டாவதில்தான் அதிகம் மகிழ்ச்சி கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒரே வார இறுதி, எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கே போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் மகிழ்ச்சி குறைவான 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போன காசு எப்படியும் போனதுதான், ஆனால் பெரிய தொகை வீணாவதைத் தாங்க முடியவில்லை. உங்கள் விஷயத்தில் இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். திரும்பி வராத முன்பணம் நீங்கள் போனாலும் போனது, போகாவிட்டாலும் போனது. இனி செலவாகப் போகிற தொகைதான் உங்கள் கையில் இருக்கிறது. முன்பணம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், அதைக் காப்பாற்ற மீதி ஒன்பது பங்கைக் கடனில் எடுப்பது கணக்கில் நிற்காது. முன்பணமே எண்பது சதவீதம் என்றால் கதை வேறு, அப்போது போய்விட்டு வருவதுதான் புத்தி. நடைமுறையில் முழுசாகப் போவதற்கும் முழுசாக ரத்து செய்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஹோட்டல்களில் பெரும்பாலும் ஒரு தேதிவரை முழுத் தொகை திரும்பும், அதற்கப்புறம் ஒரு இரவுக் காசு பிடிப்பார்கள், அதற்கப்புறம் எல்லாம் போகும். பார்க் டிக்கெட் பொதுவாகப் பணமாகத் திரும்பாது, ஆனால் பல இடங்களில் தேதி மாற்றித் தருவார்கள். விதிமுறைப் பக்கத்தை ஒரு முறை வரி வரியாகப் படித்தால் உங்கள் பயத்தில் பாதி இறங்கும். என்னிடம் வந்தவர்களில் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

ஐந்து பார்க் நாள் என்பதை நான் மூன்றாக்குவேன். இது சிக்கனத்துக்காகச் சொல்வது மட்டும் இல்லை. பார்க் வேலையில் இருந்தபோது மதியம் மூன்று மணிக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம்: அழுகை நேரம். வெயில், காலையிலிருந்து நடை, காலம் தப்பிய சாப்பாடு, எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தில் பெஞ்சுகளில் குடும்பங்கள் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அழுவார்கள், சில சமயம் பெரியவர்களும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் சீக்கிரம் வரும், மூன்றாம் நாள் மதியத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். ஐந்து நாளும் தொடர்ந்து பார்க்குக்குள் இருந்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிய நாலு வயதுக் குழந்தையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு நாள் பார்க், ஒரு நாள் ஹோட்டல் நீச்சல் குளம், மறுபடி ஒரு நாள் பார்க் என்று போட்டால் டிக்கெட் செலவும் குறைகிறது, சண்டையும் குறைகிறது. மூன்றாவது பார்க் நாளை அங்கே போய் முடிவு செய்யுங்கள். சில இடங்களில் டிக்கெட்டை முன்னாலேயே தேதி போட்டு வாங்கியாக வேண்டும், அது ஒரு சிக்கல்தான், அப்படியானால் மூன்றாவதை விட்டே விடுங்கள்.

சின்னவனுடைய உயரத்தை இன்றே அளந்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 103 செ.மீ. ஃபுளோரிடா டிஸ்னியில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரைடுக்கு 112 செ.மீ. வேண்டும், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 போதும். அதாவது நீங்கள் பார்த்துப் பார்த்துப் பட்டியலிட்ட ரைடுகளில் பாதியில் அவனால் ஏறவே முடியாமல் போகலாம். ஷூவுக்குள் எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அந்த அளவு இருக்கைத் தடுப்பு உடலைப் பிடித்து வைப்பதற்கான அளவு. இந்த ரைடுகளுக்காக ஒருவர் கீழே குழந்தையோடு நிற்க, மற்றவர் ஏறிவிட்டு வர, அப்புறம் இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு பெரிய பார்க்குகளில் உண்டு. டிஸ்னியில் இதை ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சல் என்ற இன்னொரு பெரிய பார்க் நிறுவனத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதற்குக் காசு கிடையாது, வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் போதும். பெரியவனுக்கு எப்போது பத்து முடிகிறது என்றும் பாருங்கள். ஃபுளோரிடாவில் இரண்டு நிறுவனங்களிலும் 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 ஆனால் பெரியவர் கணக்கு. பயணத்தைத் தள்ளிப்போடுவதில் இது ஒன்று இடிக்கும், ஆனால் வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்காது.

"சின்னவனுக்கு இது ஞாபகம் இருக்குமா" என்றும் கேட்டிருந்தீர்கள். வளர்ந்தவர்களிடம் கேட்டால் அவர்களுடைய மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டி இருக்கிறது, அதற்கு அப்புறம் சில வருடங்களும் துண்டு துண்டாகத்தான் நிற்கும். ஆக அவனுக்குப் பெரிதாக நிற்காது, ஏதோ ஒரு துண்டு நிற்கலாம். இதில் இரண்டு முடிவுக்கும் வரலாம். ஞாபகமே இருக்காதபோது எதற்குச் செலவு என்பது ஒன்று. அன்றைய நாளில் அவன் சிரித்தால் போதும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் அதே காரணத்தால்தான் அவனுக்காக விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். நாலு வயதில் அவனுக்கு எந்த ரைடு புகழ்பெற்றது என்பதே தெரியாது. ஒன்பது வயதுக்காரனுக்குத் தெரியும், அவனுக்கு இது நிற்கும். அவனை உட்கார வைத்து, "நம்மகிட்ட இவ்வளவுதான் இருக்கு, உனக்கு இதுல எது முக்கியம்" என்று கேளுங்கள். அவன் சொல்கிற இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளிடம் தொகையைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நாம் பயந்ததைவிட நியாயமாகத்தான் கேட்கிறார்கள், எப்போதாவது ஒருவன் மலை அளவு கேட்பான், அதையும் பேசிச் சமாளிக்கலாம்.

உங்கள் மாமியாரிடம் நேராகக் கேட்டீர்களா? எல்லோரும் போகும்போது அவரை விட்டுவிட்டுப் போக முடியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எல்லோரும் கூப்பிடும்போது வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு முழு பார்க் நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். பெரிய பார்க்குகளில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சம் வேண்டாம். அவர் ஒரு நாள் மட்டும் வந்துவிட்டு மற்ற நாள் ஓய்வெடுத்தால் அந்த நாட்களின் டிக்கெட் மிச்சம்.

இந்த ஏழு மாதத்தைப் பற்றி ஒன்று மட்டும். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் ஜெரோன் நாவைனும் உடன் ஆய்வாளர்களும் எடுத்த ஆய்வு 2010இல் வந்தது. சுற்றுலா போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது, கிளம்புவதற்கு முன்னால். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே இல்லை, மிக ஓய்வாகப் போய்வந்தவர்களைத் தவிர. வளர்ந்தவர்களிடம், எல்லா விதச் சுற்றுலாவுக்கும் சேர்த்து எடுத்தது இது, தீம் பார்க்குக்கென்று பிரித்துப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் என்னை இது யோசிக்க வைத்தது. முன்னால் இருக்கிற எதிர்பார்ப்புதான் பயணத்தின் நல்ல பகுதி என்றால், நீங்கள் அந்தப் பகுதியை ஷீட்டில் எரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு அனுபவத்தின் உச்சமும் அது எப்படி முடிகிறது என்பதும்தான் நினைவில் அதிகம் நிற்கும் என்றும் ஒரு கருத்து உண்டு, டேனியல் கானமன் என்ற உளவியலாளர் போன்றவர்களுடைய ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்தச் சோதனைகள் கையைக் குளிர்நீரில் வைப்பது, மருத்துவப் பரிசோதனை மாதிரி சில நிமிடம், ஒரு மணி நேர அனுபவங்களை வைத்துச் செய்தவை. ஐந்து நாள் பயணத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கடைசி நாளை நான் எப்போதும் காலியாகத்தான் வைப்பேன், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இன்னொரு ரைடுக்கு ஓடின குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பின்வாங்க முடியும் என்பதுதான் உங்கள் கடைசி வரிக்குப் பதில். எவ்வளவு தூரம், எவ்வளவு நஷ்டத்தில் என்பதுதான் தெரிய வேண்டும், அதற்கு ஷீட்டைத் திறக்க வேண்டாம். ஒரு காகிதத்தில் மூன்று எண் எழுதுங்கள்: திரும்பி வராத தொகை, இனி செலவாகப் போகிற தொகை, கிளம்பும் தேதிக்குள் கடன் இல்லாமல் சேரக்கூடிய தொகை. பக்கத்திலேயே ஹோட்டலை ரத்து செய்யக் கடைசித் தேதி. அதைக் கணவரிடம் காட்டுங்கள், விளக்கம் சொல்லாமல் காட்டினாலே போதும். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளி இரண்டு நாளைக் குறைத்தால் அடைபடுமா, மொத்தமாகத் தள்ளிப்போட வேண்டுமா என்று அப்போது தெரிந்துவிடும். அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், ஒரு வாரத்துக்கும் குறைவு என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஹோட்டலுக்கு போன் போடுங்கள்.